வீட்டுக் கொல்லையில் சோளம்

 

இன்றைய பேச்சு சோளத்தைப் பற்றியது. வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால் போதும். அதில் விதை போட்டுச் சோளம் எடுக்கலாம். எப்படி எடுப்பது? எதில் கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் நெருப்பில் சுட்டு, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி விற்கிறார்களே, அது மக்காச்சோளம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இங்கே சொல்லப்படுவது அது அல்ல. செடியின் உச்சியில் கொத்தாகக் கதிர் விட்டு, மிளகு அளவில் உருண்டை உருண்டையாக மணி பிடிக்கும் சோளம். வெள்ளைச் சோளம், மஞ்சள் சோளம், செஞ்சோளம் என்று சொல்கிறோமே, அது.

இந்தச் சோளத்தின் தாய்நாடு ஆப்பிரிக்கா. அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. மராட்டியத்தில் இதை ஜ்வாரி என்கிறார்கள். கன்னடத்தில் ஜோளம். தெலுங்கில் ஜொன்ன. இந்தியில் ஜ்வார். பெயர்தான் வேறு. தானியம் ஒன்றுதான்.

சோளம் விளையும் ஊர்கள்

இந்தியாவில் மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் சோளத்துக்குப் பேர் போனவை. மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டம் உண்டு. மழை குறைந்த இடம். கரிசல் மண். மழைக்காலத்தில் அந்த மண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சோளம் விதைப்பார்கள். பிறகு பெரிய மழை வராது. மண்ணில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே பயிர் விளைந்துவிடும். அங்கே விளையும் 'மால்தண்டி' என்ற சோளம் நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதே மாவட்டத்தின் மங்கள்வேடா ஊர்ச் சோளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எப்படி இவ்வளவு குறைந்த தண்ணீரில் விளைகிறது? சோளத்தின் வேர் ஆழமாகப் போகும். இலையின் மேல் மெழுகு பூசியது போல ஒரு பூச்சு உண்டு. வெயில் கடுமையானால் இலை சுருண்டுகொள்ளும். தண்ணீர் ஆவியாவது குறையும். வறட்சி வந்தால் பயிர் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். மழை வந்ததும் மறுபடி வளரும். ஏழைக்கு ஏற்ற பயிர் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் இன்று நிலைமை என்ன? 1970-களில் இந்தியாவில் ஏறத்தாழ 160 லட்சம் ஹெக்டேரில் சோளம் விளைந்தது. இப்போது சுமார் 40 லட்சம் ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. அதாவது நான்கு பங்கில் மூன்று பங்கு போய்விட்டது. ரேஷனில் அரிசியும் கோதுமையும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. சோள நிலத்தில் பருத்தி வந்தது. சோயா வந்தது. மக்காச்சோளம் வந்தது. நிலத்திலிருந்து பயிர் போனால் வீட்டிலிருந்து விதையும் போகும். ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சோள விதை இருந்தது. இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது?

2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அப்படிக் கொண்டாட வேண்டும் என்று கேட்டது இந்தியாதான். கொண்டாட்டம் நல்லது. விதை கையில் இருப்பது அதைவிட நல்லது.

பத்தடிக்குப் பத்தடி இடம் எதற்கு?

"இத்தனூண்டு இடத்தில் சோளம் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி இடைவெளி. செடிக்குச் செடி அரை அடி இடைவெளி. பத்தடி அகலத்தில் 7 வரிசை வரும். ஒரு வரிசையில் 20 செடி நிற்கும். ஏழு இருபது நூற்று நாற்பது. ஆக 140 செடி.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 2 முதல் 3 கிலோ வரை தானியம் கிடைக்கும். இது ஒரு குடும்பத்துக்கு வருடச் சாப்பாடு ஆகாது. அது உண்மை. ஆனால் விதைக் கணக்கைப் பாருங்கள். இறவையில் ஒரு ஏக்கருக்கு 4 கிலோ சோள விதை போதும். மானாவாரிக்கு 6 கிலோ. அப்படியானால் கொல்லையில் விளைந்த 2 கிலோ விதை, அரை ஏக்கர் இறவை நிலத்துக்குப் போதும்!

இந்தச் சிறு பாத்தி, உங்கள் வீட்டு விதைப் பண்ணை. இளங்கதிரை வாட்டித் தின்னலாம். மாட்டுக்குத் தட்டை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வருடம் விதைக்காகக் கடைக்காரர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

விதை வாங்கும்போது படித்துப் பாருங்கள்

முதல் முறை விதை வாங்கத்தான் வேண்டும். தெரிந்த விவசாயியிடம் வாங்கலாம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். கடையிலும் வாங்கலாம்.

கடையில் வாங்கினால் பையோடு ஒரு அட்டை இருக்கும். அதைப் படியுங்கள். நீல நிற அட்டை இருந்தால் அது சான்று பெற்ற விதை. பச்சை நிற அட்டை என்றால், அது தயாரித்தவர் தாமே தரத்துக்கு உறுதி சொல்லும் விதை. அட்டையில் பயிரின் பெயர், ரகத்தின் பெயர், சோதனை செய்த நாள், எந்த நாள் வரை விதைக்கலாம் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். நாள் கடந்த விதையை வாங்க வேண்டாம். சோள விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது நூறு விதை போட்டால் எழுபத்தைந்தாவது முளைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். இது ரகமா? வீரிய ஒட்டு விதையா? வீரிய ஒட்டு நல்ல மகசூல் தரும். இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச். 1. அது 1964-ல் வெளியானது. ஆனால் வீரிய ஒட்டில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒன்றுபோல் வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று கலந்து வரும். மகசூலும் குறையும். சொந்த விதை எடுக்க வேண்டும் என்றால் ரகமாகவே வாங்க வேண்டும். அந்தந்த ஊருக்கும் பட்டத்துக்கும் ஏற்ற ரகமாகவும் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை: கடை விதை சிவப்பாகவோ, ரோஜா நிறத்திலோ, பச்சையாகவோ சாயம் பூசியது போல இருந்தால், அதில் பூச்சி மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். மிச்சமான விதையை மாவு அரைக்கக் கூடாது. கோழிக்கு இறைக்கக் கூடாது. கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விதைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முளைப்புச் சோதனை

வீட்டு விதையோ, கடை விதையோ, விதைக்கும் முன்னால் சோதித்துப் பாருங்கள். செலவு இல்லாத வேலை.

நூறு விதையை எண்ணி எடுங்கள். பொறுக்கி எடுக்காதீர்கள். கைக்கு வந்ததை எடுங்கள். ஒரு சாக்குத் துண்டை நனைத்துப் பிழியுங்கள். அதன் மேல் விதையை வரிசையாக அடுக்குங்கள். சாக்கைப் பாய் போலச் சுருட்டி, நிழலில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஏழு நாள் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். 80 முளைத்திருந்தால் 80 சதவீதம். நல்ல விதை. 60 தான் முளைத்ததா? அப்போது கூடுதலாக விதை போட வேண்டும். 40, 50 தான் என்றால் அந்த விதை வேண்டாம். வேறு விதை தேடுங்கள்.

எண்ணத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். விதைத்து, உழைத்து, பத்து நாள் காத்திருந்து, பிறகு முளைக்கவில்லையே என்று தலையில் கை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எப்போது விதைப்பது?

சோளம் சூடான மண்ணை விரும்பும். வட இந்தியாவில் ஜூன், ஜூலை மழையோடு விதைக்கிறார்கள். அங்கே குளிர்காலம் சோளத்துக்கு ஆகாது. தக்காணத்தில் மழைக்காலத்தில் ஒரு பட்டம், மழை முடிந்த பிறகு ஒரு பட்டம். தமிழ்நாட்டில் ஆடி, புரட்டாசி, தை, சித்திரைப் பட்டங்கள் உண்டு. தை, சித்திரைப் பட்டத்துக்குத் தண்ணீர் வசதி வேண்டும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கதிர் முற்றும் நேரத்தில் அடைமழை பெய்யக் கூடாது. பெய்தால் மணி கறுத்துப் பூஞ்சாணம் பிடிக்கும். மூன்றரை மாதம் முன்னோக்கி எண்ணிப் பார்த்து விதைக்கும் நாளை முடிவு செய்யுங்கள்.

பாத்தி தயார் செய்தல்

மரநிழல் இல்லாத இடம் பாருங்கள். முழு வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்துங்கள். களை வேர், கல், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். நன்றாக மக்கிய தொழுவுரம் 12 கிலோ அளவில் போட்டுக் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போட வேண்டாம். கரையான் வரும். ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சிறு வாய்க்கால் போலக் கோடு இழுங்கள்.

விதைத்தல்

பத்தடிப் பாத்திக்கு 15 கிராம் விதை போதும். ஒரு கைப்பிடி கூட வேண்டாம்.

விதையைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பதர். அதை நீக்குங்கள். மூழ்கியதை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் கிடைத்தால், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையின் மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். மருந்து கலந்த கடை விதைக்கு இதெல்லாம் வேண்டாம். அப்படியே விதைக்கலாம்.

கோட்டில் அரை அடிக்கு ஒரு இடமாகக் குழி போட்டு, குழிக்கு மூன்று விதை இடுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும். ஆழம் கூடினால் முளை மேலே வரச் சிரமப்படும். மேலாக இருந்தால் எறும்பு இழுத்துப் போகும், குருவி கொத்தும். மண்ணை மூடி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். வாளியால் கொட்டினால் விதை இடம் மாறிவிடும். மூன்றாம், நான்காம் நாள் ஒரு உயிர்த் தண்ணீர் கொடுங்கள்.

முதல் முப்பது நாள்

நான்கு, ஐந்து நாளில் முளை தெரியும். பார்க்கப் புல் போலவே இருக்கும். அவசரப்பட்டுக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். வரிசையில் இருப்பது சோளம். வரிசைக்கு நடுவே இருப்பது களை. வரிசையாக விதைப்பதில் இதுவும் ஒரு லாபம்.

முதல் மூன்று, நான்கு வாரம் பயிர் மெதுவாகத்தான் வளரும். களை வேகமாக வளரும். பதினைந்து, இருபது நாளில் ஒரு களை எடுங்கள். முப்பத்தைந்து, நாற்பது நாளில் இன்னொரு களை.

முதல் களையோடு பயிர் கலைக்க வேண்டும். குழிக்கு ஒரு நல்ல நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். மனசு கேட்காது. "முளைத்ததைப் பிடுங்குவதா?" என்று தோன்றும். பிடுங்காவிட்டால் மூன்றும் சண்டை போட்டு மூன்றும் நோஞ்சானாகப் போகும். காலிக் குழி இருந்தால், பிடுங்கிய நாற்றை மாலை நேரத்தில் அங்கே நட்டுத் தண்ணீர் விடலாம்.

இந்தப் பருவத்தில் குருத்து ஈ வரும். வீட்டு ஈயைவிடச் சிறியது. இலையின் அடியில் முட்டை இடும். புழு வெளியே வந்து குருத்துக்குள் போய்த் தின்னும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். இழுத்தால் கையோடு வரும். அழுகிய வாடை அடிக்கும். அப்படிப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி ஆழப் புதைத்துவிடுங்கள். குழிக்கு மூன்று விதை போட்டது இதற்காகவும்தான். பட்டம் தவறாமல் முதல் மழையோடு விதைத்தால் குருத்து ஈ குறைவாக இருக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியில் இந்த அறிவும் இருக்கிறது.

ஆடு, மாடு ஜாக்கிரதை!

இனி வருவதை எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும். இது உயிர் விஷயம்.

கலைத்த சோள நாற்று கை நிறைய இருக்கும். பச்சைப் பசேல் என்று இருக்கும். கட்டிப் போட்ட ஆடு கத்தும். அதற்குப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள்!

இளஞ்சோளத்தில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. ஆடு, மாடு அதை மென்று தின்றதும் வயிற்றில் சயனைடு என்ற கொடிய விஷமாக மாறும். அந்த விஷம் மூச்சை உடலுக்குப் பயன்படாமல் செய்துவிடும். சினை மாடாக இருந்தாலும், கறவை மாடாக இருந்தாலும், சில நிமிடங்களிலேயே விழுந்து செத்துப்போகலாம். ஒரு வீட்டின் பிழைப்பே அந்த ஒரு மாடாக இருக்கும். ஒரு பிடி நாற்று அதைக் கொண்டுபோய்விடும்.

எப்போது ஆபத்து அதிகம்?

ஒன்று, பயிர் இளசாக இருக்கும்போது.
இரண்டு, மழை இல்லாமல் பயிர் வாடி நிற்கும்போது.
மூன்று, வாடிய பயிர் மழை கண்டு புதிதாகத் தளிர்க்கும்போது.
நான்கு, கதிர் அறுத்த கட்டையிலிருந்து புதுத் துளிர் வரும்போது.

பூத்த பிறகு நச்சு குறைந்துவிடும். பூத்த பயிரை அறுத்துப் போடலாம். கதிர் முற்றி, நன்றாகக் காய்ந்த தட்டைக்குப் பயம் வேண்டாம்.

தவறி மேய்ந்துவிட்டால் என்ன தெரியும்? மூச்சு வாங்கும். வாயில் நுரை தள்ளும். தள்ளாடும். உடம்பு நடுங்கும். விழுந்து துடிக்கும். கைமருந்து தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். இதற்கு ஊசி மருந்து உண்டு. நேரத்தோடு போட்டால் பிழைக்கும். அந்த எண்ணை மாட்டுக் கொட்டில் சுவரிலேயே எழுதிவையுங்கள்.

கலைத்த நாற்றை எரு குழியில் போட்டு மண் தள்ளுங்கள். சோளப் பாத்தியைச் சுற்றி முள்வேலி போடுங்கள். பக்கத்து வீட்டு ஆடு நுழைந்தாலும் பழி உங்கள் மேல்தான் வரும்.

மனிதருக்கும் ஒரு வார்த்தை. முற்றிய சோள மணியில் இந்தப் பயம் இல்லை. சோறு ஆக்கலாம், களி கிண்டலாம், ரொட்டி சுடலாம். ஆனால் சோளத்தை ஊறவைத்து முளைகட்டினால் அந்த முளையில் இதே நச்சு உண்டாகும். பச்சைப்பயறு முளை தின்பது போலச் சோள முளையைத் தின்னக் கூடாது.

முப்பது நாளுக்கு மேல்

முப்பதாம் நாள் செடியின் பக்கத்தில் மக்கிய எரு கொஞ்சம் போட்டு, மண் அணையுங்கள். காற்றுக்குச் செடி சாயாது. நெட்டை ரகமாக இருந்தால் இது மிக முக்கியம்.

சோளம் வறட்சி தாங்கும் என்பதற்காகத் தண்ணீரே விடாமல் இருக்க வேண்டாம். கதிர் பொதியில் இருக்கும்போதும், பூக்கும்போதும், பால் பிடிக்கும்போதும் தண்ணீர் வேண்டும். அப்போது காய்ந்தால் மணி சிறுத்துப்போகும். மண்ணைக் கிளறிப் பாருங்கள். விரல் ஆழத்துக்கு ஈரம் இல்லை என்றால் தண்ணீர் விடுங்கள். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும்.

செடியின் அடியில் வெள்ளையாகப் பூக்கும் சிறு செடி தெரிந்தால் கவனியுங்கள். அது சுடுமல்லி. சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சும் களை. பூக்கும் முன்பே பிடுங்குங்கள். அதன் விதை தூசி போல இருக்கும். மண்ணில் பல வருடம் சாகாமல் கிடக்கும்.

குருவிக்குப் பங்கு எவ்வளவு?

ரகத்தைப் பொறுத்து 60 முதல் 70 நாளில் பூ வரும். கதிரின் நுனியில் தொடங்கி அடி நோக்கிப் பூத்துக்கொண்டே வரும். சில நாளில் முடிந்துவிடும். பிறகு மணியில் பால் பிடிக்கும். அன்றுமுதல் குருவி, மைனா, கிளி எல்லாம் விருந்துக்கு வரும்.

நூறு ஏக்கர் சோளத்தில் பறவை தின்றால் ஆளுக்குக் கொஞ்சம்தான் நட்டம். ஊரிலேயே ஒரு கொல்லையில் மட்டும் சோளம் நின்றால்? எல்லாப் பறவையும் அங்கேதான் வரும். மூன்று நாளில் கதிர் மொட்டையாகிவிடும். ஆகவே அண்டை அயல் வீட்டாரும் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைப்பது நல்லது.

பூத்து முடிந்ததும் கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். பழைய வேட்டி, சேலைத் துணி போதும். காற்றுப் போக வேண்டும். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும். எல்லாக் கதிருக்கும் கட்ட முடியாவிட்டால், விதைக்கு வைக்கும் கதிருக்காவது கட்டுங்கள். மற்றதற்குக் காலையும் மாலையும் ஆள் இருந்து விரட்ட வேண்டும். பளபளக்கும் நாடாவைப் பாத்தியின் குறுக்கே கட்டினாலும் கொஞ்ச நாள் பயப்படும். விஷம் வைக்காதீர்கள். கோழியும் சாகும். பயிருக்கு நன்மை செய்யும் பறவையும் சாகும்.

கதிரில் நோய்

சில கதிரில் மணிக்குப் பதிலாகக் கரித்தூள் இருக்கும். அது கரிப்பூட்டை நோய். கதிரை உதறாதீர்கள். தூள் பறந்து மற்ற கதிருக்குப் பரவும். துணிப்பையால் மூடி, மெதுவாக அறுத்து, எரித்துவிடுங்கள்.

சில கதிரில் தேன் போலப் பிசுபிசுப்பாக ஒழுகும். அது தேன் ஒழுகல் நோய். அந்தக் கதிரையும் அறுத்து எரியுங்கள். அதை மனிதரும் தின்னக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. நோய் கண்ட கதிரிலிருந்து ஒரு மணி கூட விதைக்கு எடுக்க வேண்டாம்.

இளங்கதிர் விருந்து

மணி பால் கெட்டியாகி, இன்னும் பச்சையாக இருக்கும் பருவம் ஒன்று உண்டு. மகாராஷ்டிராவில் குளிர்காலத்தில் அந்தக் கதிரைத் தணலில் வாட்டி, உள்ளங்கையில் தேய்த்து மணி உதிர்த்துத் தின்பார்கள். அதற்கு ஹுர்டா என்று பெயர். உறவினரையும் நண்பரையும் வயலுக்கே அழைத்து விருந்து வைப்பார்கள். உங்கள் கொல்லையிலும் நாலு கதிரை வாட்டிப் பாருங்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அறுவடை

பூத்து ஒன்றரை மாத அளவில் கதிர் முற்றும். எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மணியை உதிர்த்து அதன் அடியைப் பாருங்கள். கதிரில் ஒட்டியிருந்த இடத்தில் கரும்புள்ளி தெரிந்தால் மணி முற்றிவிட்டது. கதிரின் அடிப்பகுதி மணியையும் பாருங்கள். அதுதான் கடைசியில் முற்றும்.

அறுத்த கதிரை மூன்று, நான்கு நாள் வெயிலில் காய விடுங்கள். சாக்கின் மேல் வைத்துத் தடியால் அடியுங்கள். முறத்தில் புடைத்துத் தூற்றுங்கள். சோளச் சுணை உடம்பில் பட்டால் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள். தட்டையைக் காய வைத்துக் கட்டுங்கள். அடிக்கட்டையை அன்றே பிடுங்கிவிடுங்கள். விட்டால் தளிர்க்கும். அந்தத் தளிர் ஆட்டுக்கு எமன் என்பதை மறக்க வேண்டாம்.

விதைக்கு எது?

விதைக் கதிரை அறுவடைக்கு முன்பே, செடி நிற்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். குவியலில் பொறுக்கினால் அது எந்தச் செடியில் விளைந்தது என்று தெரியாது. நோய் இல்லாத செடி, சாயாத செடி, கதிர் நிறைந்த செடி. பாத்தியின் நடுவில் இருக்கும் செடியாகப் பார்த்து வண்ணக் கயிறு கட்டுங்கள். ஒன்றிரண்டு செடியில் மட்டும் எடுக்காதீர்கள். இருபது, முப்பது செடியிலிருந்து எடுத்துக் கலந்து வையுங்கள். பக்கத்தில் வேறு ரகச் சோளம் பூத்திருந்தால் கொஞ்சம் கலப்பு வரும். அதனால் ஓரத்துச் செடியைச் சாப்பாட்டுக்கு வையுங்கள்.

விதையை நன்றாக உலர்த்துங்கள். பல்லில் கடித்தால் 'கடுக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். சூடு ஆறிய பிறகு, மூடி இறுகிய டப்பாவிலோ, பானையிலோ சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து வையுங்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில், நிலம் குறைந்த தலித் பெண்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து இப்படித்தான் விதை காக்கிறார்கள். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு 1983 முதல் அவர்களோடு வேலை செய்கிறது. மண் பூசிய மூங்கில் கூடையில் சாம்பல், வேப்பிலை போட்டு, சோளம், கம்பு, தினை, துவரை என்று பல விதைகளை வைத்திருக்கிறார்கள். விதை இல்லாதவர் வந்து வாங்கிப் போவார். விளைந்ததும் கூடுதலாகத் திருப்பித் தருவார். காசு கைமாறுவதில்லை. 2019-ல் அந்த அமைப்புக்கு ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. ஒரு காலத்தில் கூலி வேலைக்கும் கடனுக்கும் பிறர் வாசலில் நின்ற பெண்கள் அவர்கள். இன்று அவர்கள் வாசலுக்கு விதை கேட்டு ஊர் வருகிறது.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் இப்படி எழுதுங்கள்:

பயிர்: சோளம்
ரகம்: (பெயர்)
விதைத்த நாள்:
அறுத்த நாள்:
முளைப்பு: நூற்றுக்கு எத்தனை?

பழைய காலத்தில் இதெல்லாம் பாட்டிமார் மனசில் இருந்தது. பாட்டி போனால் விவரமும் போய்விடும். எழுதி வைத்தால் போகாது. கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை எது?

சத்தும் சமையலும்

நூறு கிராம் சோளத்தில் சுமார் 10 கிராம் புரதமும், 10 கிராம் நார்ச்சத்தும், 4 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் கூட இல்லை. சோளத்தோடு பருப்பும் கீரையும் சேர்த்தால் நல்ல சாப்பாடு. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

சோளத்தைக் குத்திச் சோறு ஆக்கலாம். உளுந்து சேர்த்து அரைத்துத் தோசை வார்க்கலாம். வட கர்நாடகாவில் ஜோளத ரொட்டி, மகாராஷ்டிராவில் பாக்ரி. கோதுமை மாவு போலச் சோள மாவுக்கு இழுவை கிடையாது. அதனால் கொதிக்கும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையால் தட்டிச் சுட வேண்டும். இரண்டு தடவை உடையும். மூன்றாம் தடவை வந்துவிடும்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் முன்பு என்னென்ன சோளம் விளைந்தது? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.
கலைத்த சோள நாற்றை ஆட்டுக்கு ஏன் போடக் கூடாது? பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிவிட்டீர்களா?
நூறு விதையில் 70 முளைத்தால் எத்தனை சதவீதம்? அந்த விதையை விதைக்கலாமா? எப்படி விதைப்பீர்கள்?
ஐந்து வீட்டார் சேர்ந்தால் ஒரு விதைப் பானை வைக்க முடியுமா? யார் பொறுப்பு எடுப்பது?

சகோதரிகளே, சகோதரர்களே! பதினைந்து கிராம் விதை, பத்தடிப் பாத்தி, மூன்றரை மாதம். இவ்வளவுதான் வேண்டும். இந்தப் பட்டத்தில் விதையுங்கள். அடுத்த பட்டத்துக்கு ஒரு பிடி விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் எழுதிக் கொடுங்கள்.